எழுத்து தெரிந்தால் பார்வை மாறுமா?

பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, ஒரே நீளத்தில் இரண்டு படுக்கைக் கோடுகள் போடுங்கள். முதல் கோட்டின் இரு முனைகளிலும் அம்புத்தலை வரையுங்கள். அடுத்ததில் அதே தலைகளைத் திருப்பி, மீன்வால் போல வெளியே விரியும்படி வையுங்கள். இரண்டாவதுதான் நீளமாகத் தெரிகிறதா? 1889-ல் ஜெர்மனியின் முல்லர்-லையர் வெளியிட்ட படம் இது.

1901-02-ல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நீலகிரித் தோடர்களிடம் இதைச் சோதித்தார். ஆங்கிலேயர்களை விட அவர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். படிப்பறிவு இல்லாததுதான் காரணமா? அவசரப்பட வேண்டாம். வீடு, தொழில், வாழும் இடம் எல்லாமே வேறாயிற்றே! 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரகாஷ் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பார்வை பெற்ற 9 இந்தியச் சிறுவர்களுக்கு உடனே இந்தப் படத்தைக் காட்டினார்கள். கண்ணால் ஒரு வரிகூடப் படித்திராத அவர்களும் ஏமாந்தார்கள். ஆக, இந்த மாயைக்குப் படிப்பு தேவையில்லை.

படிப்பு மாற்றுவது வேறொன்றை. எங்கள் வெம்பாக்கம் பக்கம் பட்டுப்புடவையில் கிளி புட்டா போட்டால், அது இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் கிளிதான். மூளை இயல்பாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'பி'யைத் திருப்பினால் மட்டும் அது 'டி' ஆகிவிடும்! குழந்தைகள் இதில் குழம்புவது சோம்பேறித்தனம் அல்ல. அடிக்காதீர்கள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'ப'வைத் திருப்பினாலும் 'ப' போலத்தான் இருக்கும். 'ட'வைத் திருப்பினால் வேறு எழுத்து எதுவும் கிடைக்காது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் இதைத் தமிழர்களிடமே சோதித்து 2003-ல் வெளியிட்டார். ஒரு சிறிய கோட்டுருவம் பெரிய உருவத்துக்குள் இருக்கிறதா என்பது கேள்வி. சிலவற்றில் உள்ளே இருந்தது அதன் கண்ணாடிப் பிம்பம் மட்டுமே. எழுத்தறியாதவர்களைப் போலவே, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் "இருக்கிறது" என்றார்கள். ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் "இல்லை, இது வேறு" என்று பிரித்தார்கள். படிப்பு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த எழுத்து என்பதும் முக்கியம்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. பெயிண்ட்டில் அன்டூ, ரீடூ பட்டன்களைப் பாருங்கள். ஒரே வளைந்த அம்பு, இடமும் வலமும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் மட்டும் படித்த உங்கள் அப்பா இவற்றை மாற்றி அழுத்தினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கன்ட்ரோல் விசையுடன் இசட் அழுத்தினால் அன்டூ, ஒய் அழுத்தினால் ரீடூ. அந்த இரண்டு கீகளில் சிறு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள்.