பாறைக்குன்றும் கலங்கரை விளக்கமும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை பெரும்பாலும் சமதரை. படகிலிருந்து நோக்குவோர்க்கு மணலும் பனையும் சவுக்கும் ஒரே கோடாகத் தெரியும். அக்கோட்டில் மாமல்லபுரத்துப் பாறைக்குன்று தனித்து எழுந்து நிற்கிறது. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இக்குன்று மிக உயரமானதன்று. சிறுவர்களும் எளிதில் ஏறிவிடுவர். ஆயினும் கடலோரத்தில் சிறு உயரத்திற்கும் பெருமதிப்பு உண்டு.

புவி உருண்டையாதலால், நாம் நிற்கும் உயரமே தொடுவானத்தின் தொலைவைத் தீர்மானிக்கிறது. உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 4 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அது 7 கிலோமீட்டர். 25 மீட்டரில் 18. 49 மீட்டரில் 25. கரையிலுள்ள விளக்கின் ஒளி கடலில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் இதுவே கணக்கு. ஆகவே, விளக்கேற்ற விரும்பியவர்கள் குன்றைத் தேடியதில் வியப்பில்லை.

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கலத்தை அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்றுள்ளது. அதற்கும் முன்னர், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறார். அங்கே வானளாவிய மாடம் ஒன்று. ஏணி சார்த்தியும் ஏறுதற்கு அரியது. மேலே கூரை வேயப்படாதது. இரவில் அதன் உச்சியில் மூட்டிய தீ, கடலில் செல்லும் கலங்களுக்கு வழிகாட்டியது. இத்துறைமுகமே இன்றைய மாமல்லபுரம் என்று கருதும் அறிஞர்கள் உளர்.

இக்கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு குன்றேறுவோர் பலர், உச்சியில் தட்டையான மேற்றளத்துடன் நிற்கும் பழைய கற்கட்டடத்தைக் கண்டதும், புலவர் பாடிய மாடம் இதுவே என்று முடிவுகட்டிவிடுகின்றனர். சுற்றுலாக் குறிப்புகள் சில, மகேந்திரவர்ம பல்லவன் கி.பி. 640இல் கட்டிய கலங்கரை விளக்கம் என்று அதனை அறிமுகப்படுத்துகின்றன. மகேந்திரவர்மனின் ஆட்சி கி.பி. 630 அளவிலேயே முடிந்துவிட்டது என்பதை நினைத்தால், இக்கூற்றைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது.

ஆராய்வதற்கு ஏட்டைத் தேட வேண்டியதில்லை. கட்டடத்தின் சுவர்களைப் பார்த்தாலே போதும். கடற்காற்றில் தேய்ந்திருந்தாலும், தட்சிணாமூர்த்தியும் கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணனும் அவற்றில் இன்றும் தெரிகின்றனர். வாயிற்காவலர் உருவங்களும் உண்டு. விளக்குத்தண்டுக்கு வாயிற்காவலர் எதற்கு? இது ஒலக்கண்ணீசுவரர் கோயில் எனப்படும் சிவன் கோயில். கி.பி. 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிம்ம பல்லவன் காலத்துப் பணி. சங்கப் புலவர் பாடிய மாடத்திற்கும் இதற்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. விமானத்தின் மேற்பகுதி இன்று இல்லாமையால்தான் மேல்தளம் தட்டையாகக் காட்சியளிக்கிறது; விளக்கு வைப்பதற்கென்று அவ்வாறு அமைத்ததாகக் கொள்ள இடமில்லை.

அப்படியானால் விளக்கு என்னும் பேச்சு வெறுங்கதையா? அதுவும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சியினர் இக்கோயிலின் கூரைமீதே விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினர். பாட்டில் வந்த மாடம், பல்லவர் கட்டிய கோயில், பிற்கால விளக்கு ஆகிய மூன்றும் மக்கள் நாவில் ஒன்றாகிவிட்டன.

விளக்கேற்றாத பகற்பொழுதிலும் இவ்வூர் மாலுமிகளுக்கு அடையாளமாக விளங்கியது. ஐரோப்பிய மாலுமிகள் இதனை ‘ஏழு கோயில்கள்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வில்லியம் சேம்பர்சு என்பவர் இவ்வூரின் சிற்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1788இல் வெளிவந்தபோதே அப்பெயர் கடலோடிகளிடம் வழக்கில் இருந்தது.

கோயிலின் அருகிலேயே 85 அடி உயரத்தில் வட்டவடிவக் கற்கோபுரம் ஒன்று எழுந்தது. 1904இல் அது முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. கோயிற்கூரை விளக்கின் சுமையிலிருந்து விடுபட்டது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பொதுமக்கள் ஏறுவதற்கு நெடுங்காலம் இசைவு தரப்படாதிருந்த கோபுரம், 2011 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது.

குறுகிய சுழற்படிகளில் ஏறி உச்சியை அடைந்தால் கிழக்கே கடலும் கடற்கரைக் கோயிலும் தெரியும். பெரும்பாலோர் அத்திசையிலேயே நின்றுவிடுகின்றனர். நீங்கள் செல்லும்போது நேர் கீழேயும் பாருங்கள். ஒலக்கண்ணீசுவரர் கோயிலின் வெற்றுக்கூரை தெரியும். அதற்கும் கீழே, அதே பாறையின் வயிற்றில் மகிடாசுரமர்த்தினி குகை இருக்கிறது. அக்குகையின் ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின் மீதமர்ந்து போர்புரிகிறாள். எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கொள்கிறார்.