கணினிக்குள் ஒரு பயணம் – 14: கெர்னலை எழுப்பும் கெர்னல்

2011-இல் தமிழ்நாடு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியை மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாங்கியவர்களுக்கு ஒரு திரை நினைவிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸா, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்கும் பட்டியல் அது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போக, ரீஸ்டார்ட் செய்து மறுபடி அந்தப் பட்டியலுக்கே வர வேண்டும்.

அந்தப் பட்டியலைக் காட்டுவது பூட்லோடர். வட்டிலுள்ள கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மெமரியில் ஏற்றி, கணினியை அதன் கையில் ஒப்படைப்பதும் அதன் வேலைதான் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே வேலையை, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலே செய்ய முடியும். எரிக் பீடர்மன் எழுதிய அந்த வசதியின் பெயர் கெக்ஸெக். 2005 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 2.6.13-இல் அது சேர்ந்தது.

இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் புதிய கெர்னலும் அதன் தொடக்கக் கோப்புகளும் மெமரியில் ஏறுகின்றன. அதுவரை கணினியில் எந்த வேலையும் தடைபடாது. பிறகு உத்தரவு கொடுத்ததும் பழைய கெர்னல் விலகி, புதியது பொறுப்பேற்கிறது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இன்ஜினை அணைக்காமலேயே ஓட்டுநர் மாறுவது போல. ஆனால் பயணிகள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். அதாவது, ஓடிய நிரல்கள் அனைத்தும் முடிந்துவிடும். மிச்சமாவது நேரம். பெரிய சர்வர்களில் மெமரியைச் சோதித்து, வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை எழுப்பவே ஃபர்ம்வேருக்குச் சில நிமிடங்கள் ஆகும். கெக்ஸெக் அந்தக் கட்டத்தையே தாண்டிவிடுகிறது.

இதைவிடப் பெரிய பயன் கெர்னல் நிலைகுலையும்போது தெரியும். ஏன் விழுந்தது என்பதற்கான தடயம் முழுவதும் மெமரியில்தான் இருக்கிறது. ஆனால் விழுந்த கெர்னலை நம்பி அதை வட்டில் எழுதச் சொல்ல முடியாது. அதன் டிரைவரே கெட்டிருந்தால் நல்ல தகவலின் மேல் எழுதி அழித்துவிடும். ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் இருந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா போன்றோர் பீடர்மனோடு சேர்ந்து உருவாக்கிய கே-டம்ப் இதற்கு வழி கண்டது. கணினி தொடங்கும்போதே மெமரியில் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றி வைக்கப்படுகிறது. முதல் கெர்னல் விழுந்த கணமே இரண்டாவது தன் எல்லைக்குள் இருந்தபடி எழுகிறது. மற்ற மெமரியைத் தொடாமல் ஒரு கோப்பாகக் காட்டுகிறது. அதைப் பத்திரமாகச் சேமித்த பிறகே கணினி முறைப்படி ரீஸ்டார்ட் ஆகும்.

இந்த வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. கையொப்பமில்லாத கெர்னலை இப்படி ஏற்றிவிட முடிந்தால், கையொப்பமுள்ளவற்றை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் என்ற காவலுக்கே பொருளில்லை. அதனால் 2014-இல் லினக்ஸ் 3.17-இல் இன்னொரு சிஸ்டம் கால் வந்தது. புதிய கெர்னலின் கையொப்பத்தை, ஓடும் கெர்னலே சரிபார்க்க அது வழி செய்தது. அதை எழுதியவரும் விவேக் கோயல்தான்.

மதுரையின் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில நூறு எம்.பி. மெமரி வீணாகிறது என்று கே-டம்ப்பை அணைக்காதீர்கள். விழுந்த பிறகு அதை ஏற்ற வழியே இல்லை. முதலில் ஒரு சோதனைக் கணினியில் வேண்டுமென்றே கெர்னலை விழச் செய்து, டம்ப் கோப்பு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சோதித்துப் பார்க்காத ஏற்பாட்டை நம்பி நோயாளிகளின் பதிவேடுகளை விட்டுவைக்கக் கூடாது.

அடுத்த வாரம்: டம்ப் கோப்பைத் திறந்து வாசிப்பது எப்படி?