மூங்கில் வண்டியில் அரிசி, வாசலில் வெள்ளைத் துணி

2021 ஜூன் கடைசியில் மலேசிய வீடுகள் பலவற்றின் முன்னே வெள்ளைத் துணிகள் தொங்கத் தொடங்கின. துவைத்துக் காயப்போட்டவை அல்ல. ஜூன் 1 முதல் நாடு முழுக்க கொரோனா முடக்கம், தினக்கூலி நின்றுவிட்டது. வீட்டில் அரிசி தீர்ந்ததைச் சொல்ல வாய் வராதவர்களுக்குத் துணியே வாயானது. பார்த்த அக்கம்பக்கத்தார் அரிசி, முட்டை, சார்டின் டின் என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அரசியல்வாதிகள் சிலருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

ஆனால் துணி தொங்கவிட்டால் தெருவே பார்க்குமே?

அந்தக் கூச்சத்துக்கு அதே ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பிலிப்பைன்ஸில் ஒரு சின்ன வழி பிறந்திருந்தது. கேசோன் நகரின் மாகின்ஹாவா தெருவோரம் ஒரு மூங்கில் தள்ளுவண்டியை நிறுத்தினார் அனா பாட்ரிசியா நோன். வயது 26. வண்டியில் கொஞ்சம் அரிசி, காய்கறி, டின் உணவு, முகக்கவசம். பக்கத்தில் ஓர் அட்டை: முடிந்ததை வைக்கலாம், தேவையானதை எடுக்கலாம். விண்ணப்பப் படிவம் கிடையாது. அடையாள அட்டையைக் கேட்பாரும் கிடையாது. நம் பக்கம் உணவுக்கூடை கொடுப்பதென்றால் பின்னால் பதாகையும் முன்னால் கேமராவும் வந்துவிடுகின்றன. அங்கே எடுப்பவருக்கும் வைப்பவருக்கும் ஒரே வண்டி. தார்லாக் மாகாணத்துப் பனிக்கி ஊர் விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். சில நாட்களிலேயே நாடெங்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் மேசைகளும் முளைத்தன.

தொல்லையும் கூடவே வந்தது. கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட, பாதுகாப்புக்கு அஞ்சி ஏப்ரல் 20 அன்று வண்டியை நிறுத்திவைத்தார் அனா, மறுநாள் திறந்துவிட்டார். அதே வாரம் வேறொரு இடத்தில் ஒரு நடிகை வைத்த மேசைக்குக் கூட்டம் அலைமோதியது. வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். தெருவளவில் சிறியதாக இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்று தோன்றுகிறது.

பசித்தவரிடம் கேள்வி கேட்காத வழக்கம் தமிழருக்குப் பழையது. வள்ளலார் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியது 1867-இல். சரியாக நூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் உணவு வங்கி தொடங்கினார். கடைகள் குப்பையில் கொட்டும் நல்ல உணவைப் பொறுக்கிப் பிழைத்த ஒரு தாய், பணம்போல் உணவையும் போட்டு எடுக்க ஓரிடம் வேண்டுமென்று சொன்னதுதான் அவருக்குப் பொறி.

நம் மலேசியாவின் பொந்தியான் மாவட்டத்தில் மாகின்ஹாவா வண்டிபோல் ஒன்று தொடங்க என்ன வேண்டும்? மழை படாத ஐந்தடி ஓரம், ஒரு தட்டு அலமாரி. அரிசி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், பால் மாவு இருந்தால் ஆரம்பிக்கலாம். கீரையும் மீனும் வேண்டாம், இந்த வெயிலில் மதியத்துக்குள் நாறிவிடும். அன்னாசி வைக்கலாம். இதே மாவட்டத்துப் பெக்கான் நானாஸுக்குப் பெயரே அன்னாசி நகரம்தான். அளவு சிறுத்ததால் விலைபோகாத பழம் தோட்டக்காரரிடம் நாலைந்தாவது கிடக்கும், கேட்டால் போதும்.