'பிஸி' என்று சொன்னது யார்?

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஒரு பாட்டி. கண் பரிசோதனைத் தேதி மாறியதை அறிவிக்க ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அவரைத் தானாகவே அழைத்தது. தெரியாத எண். 'கடன் வேணுமான்னு கேக்கிறவனாத்தான் இருக்கும்' என்று பாட்டி சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். மறுபடியும் வந்ததும் பேரன் அந்த எண்ணையே தடுத்து வைத்தான். பழைய தேதியில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை வரை போய் வெறுங்கையோடு திரும்பினார். 'மூன்று முறை கூப்பிட்டோம், போன் பிஸி' என்றார்களாம். பாட்டியோ அன்று யாரோடும் பேசவே இல்லை! யார் சொன்னது பொய்?

இருவர் சொன்னதும் உண்மைதான். எப்படி என்று பார்ப்போம்.

தானே அழைக்கும் இயந்திரத்துக்கு நம் முகம் தெரியாது. அழைப்பு முடிந்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் காரண எண்தான் அதற்குச் சாட்சி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கியூ.850 என்ற தரப்படி, 1 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை. 17 என்றால் பிஸி. 19 என்றால் மணி அடித்தும் எடுக்கவில்லை. 20 என்றால் கைபேசி தொடர்பில் இல்லை. 21 என்றால் அழைப்பு மறுக்கப்பட்டது.

21 வந்தால் சிக்கல் இல்லை. ஆனால் சிவப்புப் பொத்தானை அமுக்குவதை, 'நான் பிஸி' என்று பயனாளரே அறிவிப்பதாக ஜி.எஸ்.எம். விதி எடுத்துக்கொள்கிறது. ஆகவே பல கைபேசிகள் 17 என்றே பதில் அனுப்புகின்றன. மறுப்பு, பிஸி என்ற வேடம் போட்டுக்கொள்கிறது! இணையவழித் தொலைபேசியில் 486 பிஸி, 603 மறுப்பு. 2017-இல் 'வேண்டாத அழைப்பு' என்பதற்கு 607-உம், நடுவழியில் ஒரு கணினியே தடுத்துவிட்டால் 608-உம் (2019) சேர்க்கப்பட்டன. ஆனால் அழைப்பு பல வலைப்பின்னல்களைக் கடக்கும்போது இந்த நுணுக்கங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுவதுண்டு.

அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி? கடிகாரத்தைக் கேட்கவேண்டும். யாரும் எடுக்காத கைபேசி 30 விநாடி மணி அடிக்கலாம் என்று 2019-இல் டிராய் வரையறுத்தது. முழு நேரமும் அடித்து ஓய்ந்தால், ஆள் அருகில் இல்லை எனலாம். ஐந்தாறு விநாடி அடித்தபின் 'பிஸி' என்று வந்தால், பெரும்பாலும் கையால் துண்டித்திருக்கிறார்கள். மணியே அடிக்காமல் 'பிஸி' வந்தால் அவர் வேறு அழைப்பில் இருக்கலாம். ஆனால் காலை, மதியம், மாலை எனப் பல நாளும் அப்படியே வந்தால், எண் தடுக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரே ஓர் அழைப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ரயில்வேயில் நான் கற்றது ஒன்று. ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்திடம் 'லைன் கிளியர்' கேட்டுப் பதில் வராவிட்டால் வண்டி நகராது. மௌனத்துக்கு யாரும் சம்மதம் என்று பொருள் கொள்வதில்லை. அழைப்பு இயந்திரங்களை நடத்துவோருக்கும் இந்த ஒழுங்கு தேவை. 'பிஸி' என்று எழுதிக் கணக்கை மூடாமல், அது மறுப்பாக இருக்குமோ என்று பிரித்துப் பார்க்கவேண்டும். விளம்பரமானால் அத்தோடு நிறுத்துவதே மரியாதை. வேறு எண்ணிலிருந்து தொல்லை தரலாகாது. மருத்துவம், மின்தடை போன்ற அவசியச் செய்தியானால் குறுஞ்செய்தியோ, ஓர் ஊழியரின் நேரடிப் பேச்சோ தொடரவேண்டும். களியக்காவிளையை ஒட்டிய நம் ஊர்களில் அதைத் தமிழிலும் சொன்னால் இன்னும் நல்லது.

நாமும் கொஞ்சம் கவனிப்போம். விளம்பரத் தொல்லைக்கு 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். விளம்பர அழைப்புக்கு 140 வரிசை. அரசு, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கென்று 2024-இல் 160 வரிசை ஒதுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். எந்த எண்ணானாலும் ஓடிபியை மட்டும் சொல்லவேண்டாம்.

பாட்டிக்கு வேறு தேதி கிடைத்தது. மருத்துவமனையின் எண்ணைப் பேரன் இப்போது பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறான்.