பனியன் ஊரில் ஒயின்: அன்றும் இன்றும்

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் வாங்குவதற்காக, மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். ஊரின் ஏற்றுமதிக் கதையை இன்றும் அவர் வருகையிலிருந்துதான் சொல்லத் தொடங்குவார்கள். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒயின் பாட்டில் இருப்பது சாதாரணமான நாட்டிலிருந்து வந்தவருக்கு, திருப்பூர் அன்று இலை போட்டுத் தரக்கூடியது சோறும் மோரும், வெயிலுக்கு இளநீரும்தான்.

இன்று அதே ஊரிலிருந்து மெர்ச்சண்டைசர்களும் டிசைனர்களும் பையர்களைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் பறக்கிறார்கள். இரவு விருந்தில் மெனு அட்டையோடு ஒயின் பட்டியலும் கைக்கு வருகிறது. திரும்பும்போது, தீர்வையில்லாமல் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட 2 லிட்டருக்குள் ஒரு பாட்டில் பெட்டியில் ஏறுகிறது. அதை வீட்டு மேசையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படிங்க குடிக்கிறது?" என்று கேட்கிற தலைமுறை ஒன்று வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கேள்விதான். குடி என்றால் எவ்வளவு என்று மட்டுமே கேட்டுப் பழகிய ஊரில் எது, எதோடு, எப்படி என்று கேட்கிறார்கள்.

நொய்யல் கரையின் பழைய கணக்கு

துணி போவதும் ஒயின் வருவதும் இந்த வட்டாரத்துக்கு முற்றிலும் புதிதல்ல. சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கே கல்மணிப் பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களி வில்லைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இருந்த தொழிலூர் அது. அந்த வழியின் கடல் முனையில், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும், கிழக்கே அரிக்கமேட்டிலும், ஒயின் நிரப்பி வந்த ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு அது. அந்தச் சாடி அரசனுக்கும் பெருவணிகருக்கும் எட்டியிருக்கும். தக்களி சுற்றியவர்களுக்கு எட்டியிருக்காது.

திறந்தும் மூடியும்

இருபதாம் நூற்றாண்டின் கதை வேறு. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் ஓமந்தூரார் காலத்தில் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கருணாநிதி அரசு தளர்த்தியது, 1974-ல் திரும்பக் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது. 1983-ல் மதுவின் மொத்த விற்பனைக்கென அரசின் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-ல் கள் போயிற்று, 1991-ல் மலிவு விலைச் சாராயம் போயிற்று. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது.

இந்தத் திறப்பிலும் மூடலிலும் ஒரு பழக்கம் மட்டும் கெட்டிப்பட்டது: வேகமாகக் குடித்து முடிப்பது. மதுவிலக்குக் காலத்தில் பிடிபடாமல் இருக்க வேகம் வேண்டியிருந்தது. கடை திறந்த பிறகும் அது குறையவில்லை. பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு வேலை, சனிக்கிழமை சம்பளம். பவர் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்த முதுகும், சாயப்பட்டறை நெடி ஏறிய தலையும் அன்று மாலை கேட்டது ருசியை அல்ல, மரத்துப்போவதை. கம்பிக்குள் கை நீட்டி, "அண்ணா, ஒரு குவார்ட்டர்" என்றால் முடிந்தது. பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, லேபிளைப் படிக்க நேரமில்லை, இருப்பதைத் தருவார்கள். பக்கத்திலேயே பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும். பத்து நிமிடத்தில் ஆள் வெளியே.

அந்தப் பத்து நிமிடத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த பெண்கள் மீது போலீஸ் தடியடி நடந்தது. ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. இந்த ஊரில் ஒயினைப் பற்றி எழுதுகிற எவரும் சாமளாபுரத்தைத் தாண்டித்தான் எழுத வேண்டும்.

திராட்சை நம் பக்கம் வந்த கதை

இந்தியாவில் இன்று நாம் காணும் ஒயின் தொழில், திருப்பூரின் ஏற்றுமதியைப் போலவே, எண்பதுகளில் எழுந்தது. மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனம் பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாடுகளுக்கு விற்றது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பம் பிரெஞ்சுக் கொடிகளை நட்டது. ராஜீவ் சாமந்த் நாசிக்கில் தொடங்கிய சூலா, 2000-ல் முதல் ஒயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கும் பெயர் சொல்ல ஒரு திராட்சை உண்டு. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் இனம்தான் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒயின் ஆலையும் வந்தது.

வெளிநாட்டு பாட்டிலுக்கு வழி திறந்ததில் திருப்பூருக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. 2022 டிசம்பர் 29-ல் இந்தியா - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, நம் ஆயத்த ஆடைகளுக்கு ஆஸ்திரேலியா விதித்துவந்த 5 விழுக்காடு வரி நீங்கியது. அதே ஒப்பந்தத்தில், 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயின் பாட்டிலுக்கு இந்தியா விதித்த 150 விழுக்காடு வரி 100 ஆனது. 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 ஆனது. பத்து ஆண்டுகளில் இன்னும் இறங்கும். பனியன் ஏறிப்போகிற அதே வழியில் ஷிராஸ் ஒயின் இறங்கி வருகிறது.

வாங்கும் இடமும் மாறியது. மால்களில் வந்த டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் உள்ளே நடக்கலாம், பாட்டிலைக் கையில் எடுக்கலாம், பின்பக்க எழுத்தைப் படிக்கலாம். தேர்ந்தெடுப்பது என்பது இங்கேதான் முதல்முறையாக நடக்கக்கூடிய காரியமானது.

கைக்குத் தெரிந்ததை நாக்குக்குச் சொல்லிக்கொடுப்பது

ஒயின் என்றால் பெரிய படிப்பு என்று பயப்படுகிறவர்கள் திருப்பூரில் ஒருமுறை துணிக்காரரைப் பார்க்க வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்து ஒரு தேய்ப்பு. 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 140 கிராம்) சிங்கிள் ஜெர்சியா, 280 பிளீஸா என்று தராசு இல்லாமலே சொல்லிவிடுவார். அதைப் புத்தகத்தில் படித்து வரவில்லை, தொட்டுத் தொட்டு வந்தது. ஒயினுக்கும் அதே வழிதான். வாயில் வைத்ததும் கனம் தெரியும். ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஜெர்சி மாதிரி மெல்லிசு. ஷிராஸ் என்ற சிவப்பு பிளீஸ் மாதிரி அடர்த்தி. ஈறுகளில் துவர்ப்பு பிடித்தால் அது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த டானின். வாயோரம் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். கனம், துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு: இந்த நான்கையும் கவனித்தாலே தொடங்குகிறவருக்குப் போதும்.

கண்ணாலும் பார்க்கலாம். திருப்பூரில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளை பனியன் துணிக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். சிவப்பு ஒயினின் விளிம்பு ஊதா கலந்து இருந்தால் இளையது. செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால் வயதானது. ஷேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். பிறகு கோப்பையை மெல்லச் சுற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். பழமோ மிளகோ பூவோ எது தோன்றினாலும் அது சரியான பதில். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, காடி நெடி வந்தால் ஒயினே கெட்டுவிட்டது.

கடையில் பார்க்க வேண்டியவை சில. லேபிளில் திராட்சையின் பெயர், ஊர், ஆண்டு, ஆல்கஹால் அளவு இருக்கும். விலை மலிவான வெள்ளை ஒயின் எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது. இந்தியாவில் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை நடப்பதால், லேபிளில் இருக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே அந்தத் திராட்சை பறிக்கப்பட்டிருக்கும். ஒயினுக்கு நம் ஊரின் பெரிய எதிரி வெயில். வெக்கையில் பல மாதம் நின்ற பாட்டில் உள்ளே வெந்துபோயிருக்கும். கார்க் மேலே தூக்கியிருந்தாலோ, கழுத்தில் கசிந்து காய்ந்த கறை இருந்தாலோ அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். திருகு மூடியைப் பார்த்து மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல ஒயினுக்கே அதைத்தான் போடுகிறார்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறையை வைத்துச் சொன்னது. அங்கே நினைத்தது 16, 18 டிகிரி. சித்திரையில் நம் அறை 35-ஐத் தொடும். எனவே சிவப்பையும் ஒரு மணி நேரமாவது பிரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

சாப்பாட்டுக்கு வருவோம். காரமும் டானினும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். வரமிளகாய் தூக்கலான பள்ளிபாளையம் சிக்கனோடு கேபர்னே என்ற துவர்ப்பான சிவப்பு ஒயினைக் குடித்தால் இரண்டுமே கெடும். அதற்கு லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த ஷெனின் பிளாங்க் பொருந்தும், ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் பொருந்தும். நம் அரிசி பருப்புச் சாதத்துக்கு, நெய்யின் வழவழப்பை அறுக்கிற சோவிஞ்யோன் பிளாங்க் என்ற புளிப்பான வெள்ளை ஒயின் நன்று. மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறிக்குத்தான் ஷிராஸ். மீதியை மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஒரே இரவில் காலி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஒரு கணக்கு மறக்கக் கூடாது

ஒயின் உடம்புக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 180 மில்லி குவார்ட்டரில், 42.8 விழுக்காட்டுக் கணக்கில், ஏறக்குறைய 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 13 விழுக்காடு ஒயினில் 750 மில்லி பாட்டில் முழுவதும் சேர்த்து 97.5 மில்லி. ஆக, ஒரு பாட்டில் ஒயினைத் தனியாக முடித்தவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். பானம் மாறினாலும் கல்லீரலுக்குக் கணக்கு மாறாது. ஒரு பாட்டில் என்பது ஐந்து கோப்பை. அது நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்கான அளவு.

குடிக்காதவர் தொடங்க வேண்டிய தேவையே இல்லை, 21 வயதாகாதவருக்குச் சட்டமே இடம் தரவில்லை, வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாயும் தொடக் கூடாது. சனிக்கிழமைக் கூலியில் வாழ்கிறவருக்கு ஒயின் பாட்டில் இன்றும் எட்டாத விலைதான். அவர் மாலையை மாற்ற ஒயினால் ஆகாது. எட்டு மணி நேர ஷிப்டும், போதுமான கூலியும், உட்கார்ந்து பேச ஓர் இடமும்தான் அதைச் செய்யும். அதையும் இந்த ஊர் செய்தாக வேண்டும்.

எப்படியும் குடிக்கப்போகிறவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: தேர்ந்தெடுங்கள், முகருங்கள், சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டாரின் முன்னால் குடிக்க முடிகிற அளவோடு நிறுத்துங்கள். ஒரு பட்டனின் ஷேடு கொஞ்சம் மாறினாலும் மொத்தப் பீஸையும் ஒதுக்கிவைக்கும் ஊர் இது. தன் உடம்புக்குள் போவதற்கும் அதே கண்டிப்பைத் திருப்பூர் காட்டட்டும்.