கண் கெட்டபின் சூரிய நமஸ்காரமா?
நீரிழிவு நோயும் கண்ணொளியும்

"கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. காலங்கடந்து செய்யும் எந்தக் காரியத்திற்கும் பொருந்தக்கூடிய இம்மொழி, நீரிழிவு நோயாளிகளின் வாழ்வில் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுவதுண்டு. நீரிழிவினால் நேரும் பார்வை இழப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும். ஆனால் உரிய காலத்தில் கண்டுபிடித்தால்தான் அது கைகூடும். அந்தக் காலத்தைத் தவறவிடச் செய்வது அறியாமை மட்டுமன்று. "டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ" என்ற அச்சமும்தான்.

நம் சமூகத்திற்கு இதில் தனி அக்கறை வேண்டும். சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்த இந்தியர்களில் பத்துப் பேரில் அறுவருக்கு நீரிழிவு இருப்பதாக, 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் எடுத்துரைத்தார். 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் இந்தியர்களிடையே நடத்தப்பட்ட கண் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்புறச் சுவரில் மெல்லிய சவ்வுபோல் படிந்திருப்பது விழித்திரை. புகைப்படக் கருவியில் படச்சுருள் செய்யும் வேலையை அது செய்கிறது. அதற்கு உணவும் உயிர்க்காற்றும் கொண்டுசெல்பவை மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் பலவீனமடைகிறது.

அதன் விளைவு இருவகைப்படும். முதலாவது கசிவு. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கினால், எழுத்தும் முகமும் மங்கும். இரண்டாவது அடைப்பு. குழாய்கள் அடைபட்டு விழித்திரை பட்டினி கிடக்கும்போது, அது புதிய குழாய்களை வளர்த்துக்கொள்ள முயல்கிறது. அப்புதிய குழாய்கள் வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். நாளடைவில் தழும்பு உண்டாகி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடவும் கூடும்.

"நன்றாகத்தானே தெரிகிறது?"

இதுதான் நம்மை ஏமாற்றும் கேள்வி. தொடக்க நிலையில் வலி இல்லை, கண் சிவப்பதில்லை, செய்தித்தாளின் சிறிய எழுத்தும் தெளிவாகவே தெரியும். நோய் முற்றிய நிலையிலும் நடுப்பகுதி பாதிக்கப்படாத வரை பார்வை குறையாமல் இருக்கலாம். ஆகவே பார்வை தெளிவாக இருப்பது விழித்திரை நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவதும் விழித்திரைச் சோதனை ஆகாது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு, கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலில் இருந்திருக்கலாம். எனவே நோய் தெரியவந்தவுடனேயே முதல் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது மருத்துவர் குறிக்கும் கால அளவில் தொடர வேண்டும். முன்பே நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே கண்ணைக் காட்டிவிடுவது அவசியம்.

சோதனை மிக எளிது. பலதுறை மருந்தகத்தில் கருவியின் முன் அமர்ந்தால் விழித்திரையைப் படமெடுத்துவிடுவார்கள். 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அப்படங்கள் பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்பப்பட்டு ஆராயப்படுகின்றன. பாதிப்பு தென்பட்டால் கண் நிபுணரிடம் அனுப்புவார்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். அன்று வாகனம் ஓட்ட வேண்டாம்.

லேசர் சிகிச்சை பற்றிய வதந்தி

"லேசர் அடித்த பிறகுதான் அவருக்குக் கண் போயிற்று" என்று காப்பிக் கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பேசக் கேட்டிருப்போம். இப்பேச்சினால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. எனவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

லேசர் சிகிச்சையின் நோக்கம் இருக்கும் பார்வையைக் காப்பது, இழந்ததை மீட்பதன்று. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, நோய் முற்றிய கண்களில் கடும் பார்வை இழப்பு நேரும் வாய்ப்பை லேசர் பாதிக்கும் மேல் குறைத்ததை நிறுவியது. ஆனால் ஏற்கெனவே இரத்தம் கசிந்து, விழித்திரை இழுபட்ட நிலையில் வருபவருக்கு, சிகிச்சை செய்தும் நோய் முன்னேறிவிடலாம். பார்ப்பவர்கள் பழியை லேசர்மீது போடுகிறார்கள். உண்மையில் தாமதமே காரணமாக இருந்திருக்கும். பரவலாக லேசர் செய்தால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பது உண்மை. அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நடுப்பகுதி வீக்கத்திற்கு இன்று கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துகிறார்கள். "கண்ணில் ஊசியா?" என்று கேட்டவுடன் உடல் சிலிர்க்கும். ஆனால் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, கிருமிநாசினியால் துடைத்த பிறகே, வெண்விழிப் பகுதியில் மிக மெல்லிய ஊசியைச் செலுத்துகிறார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். பெரும்பாலோர் ஓர் அழுத்தத்தை மட்டுமே உணர்கிறார்கள். லேசரைப் போலன்றி, இதனால் பலருக்குப் பார்வை ஓரளவு திரும்பவும் செய்கிறது. தொடக்கத்தில் மாதந்தோறும், பின்னர் இடைவெளி விட்டு, பலமுறை போட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்துவதே ஆபத்து. ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள், சிலந்தி வலை, மின்னல் கீற்று, திரை விழுந்தாற்போன்ற நிழல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அன்றாட வாழ்வில் காப்பு

கண்ணுக்கு முதல் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடு. இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நோயாளிகளிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோருக்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வோ, இரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் கண்ணைக் காக்கும் என்று காட்டியது. கொழுப்பையும் கவனிக்க வேண்டும். புகைப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

காப்பிக் கடையில் "தே ஓ கொசோங்" என்று சீனியில்லாத தேநீர் கேட்கப் பழகலாம். தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டலாம். சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் பிரசாதம்தான். ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி உண்டாலும் பிரசாதம் பிரசாதமே. தைப்பூச விரதமிருப்போர் மாத்திரையையும் இன்சுலினையும் தாமாக நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். விழித்திரையில் புதிய குழாய்கள் வளர்ந்திருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், பாரமான காவடி எடுப்பதற்கு முன்பும் கண் மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது.

அச்சத்தை வெல்வது எப்படி?

பார்வை போய்விடுமோ என்ற பயம் இயல்பானது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைப்பதும், மருத்துவமனைக் கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதும், "எல்லாம் விதி" என்று ஒதுங்குவதும் பயத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. பயத்திற்குத் தெளிவே மருந்து. மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் நோய் எந்த நிலையில் உள்ளது? அடுத்து எப்போது வர வேண்டும்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே ஓடிவர வேண்டும்? பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலைப் பாதிப்பு உள்ள பலர் தக்க கவனிப்புடன் ஆயுள் முழுதும் நல்ல பார்வையோடு வாழ்கிறார்கள். தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். செலவு கவலையானால், நாட்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்துவது பற்றியும், மருத்துவமனையின் சமூக சேவையாளரைக் காண்பது பற்றியும் விசாரிக்கலாம்.

பார்வை உண்மையிலேயே குறைந்துவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. உருப்பெருக்கிகள், படித்துச் சொல்லும் கைப்பேசிகள், வெண்கோல் நடைப்பயிற்சி எனப் பல உதவிகள் உள்ளன. 1951இல் தொடங்கப்பட்டு, தோ பாயோ ரைஸ் சாலையில் இயங்கும் பார்வைக் குறைபாடுடையோர் சங்கம் இத்தகைய பயிற்சிகளை அளிக்கிறது. பார்வை இழந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் முதலில் அருளியது ஊன்றுகோல்தான். அதை ஊன்றியே அவர் தம் தலயாத்திரையைத் தொடர்ந்தார். கைக்கோல் ஏந்துவதில் இழுக்கு எதுவுமில்லை.

நாம் செய்யக்கூடிய தொண்டு

நன்கொடை வழங்கும் அன்பர்களும் தொண்டர்களும் பணமின்றியே செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. சொட்டு மருந்து விட்ட கண்ணோடு தனியே பேருந்து ஏற முடியாது என்பதற்காகவே சோதனையைத் தவிர்க்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். "ஏன் இனிப்புச் சாப்பிட்டீர்கள்?" என்று கடிந்துகொள்வதை விட்டு, "எந்த நாள் என்று சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அரைநாள் துணை ஒருவரின் பார்வையைக் காக்கக்கூடும்.

பஞ்சாங்கத்தில் விரத நாட்களையும் திருவிழாக்களையும் குறித்துவைக்கும் நாம், கண் சோதனை நாளையும் அதிலேயே குறித்துவைப்போம். சூரியனை வணங்கக் கண் இருக்கும்போதே அக்கண்ணைப் பேணிக் காப்போமாக.