யூனிட்டுக்கு விலை வைப்பது எப்படி?

பொம்மிடி வணிகப் பெருமக்களுக்கு இருப்புக் கணக்கு புதிதல்ல. யூனிட் விலையும் அதுதான். திட்டத்தின் கையிலுள்ள பங்குகள், பத்திரங்களின் அன்றைய சந்தை மதிப்பில் செலவையும் கடனையும் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுக்க வேண்டும்.

1964இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய யூ.எஸ். 64 திட்டத்தில் விலையை நிர்வாகமே நிர்ணயித்தது. சரக்கு மதிப்பு சரிந்த பின்னும் பழைய விலைச்சீட்டு தொங்கிய கதை! 2001 ஜூலையில் விற்பதும் திரும்ப வாங்குவதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. சிறு முதலீட்டாளர் தவித்தனர். ஆகஸ்டில்தான் 3,000 யூனிட் வரை, 10 ரூபாயில் தொடங்கித் திரும்பப் பெற வழி பிறந்தது.

இன்று பங்குத் திட்டங்களில் பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் சேர்ந்தால் அன்றைய விலை. தவறினால் அடுத்த வேலைநாள் விலை. விற்ற பணம் கைக்கு வரச் சில வேலைநாட்கள் ஆகும். தீபாவளிக் கொள்முதலுக்கு எடுப்போர் முன்னதாகவே எழுதிக் கொடுக்கவும்.